ஓடுவதும் ஃபாஸ்ட், ஒருசந்தியும் ஃபாஸ்ட்



நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகிறவர்கள் நாங்குநேரி சுங்கச்சாவடியில் சில்லறை எண்ணிக்கொண்டு நின்ற காலம் போய்விட்டது. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். வேகமாகக் கடந்து போகலாம் என்பதற்காக வைத்த பெயர் அது. ஆனால் அந்த வில்லையை முன்கண்ணாடியில் ஒருமுறை ஒட்டிவிட்டால் நகத்தால் சுரண்டினாலும் வருவதில்லை. பெயர் வைத்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ, அதுவும் ஃபாஸ்ட்தான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேகம் என்றும் பொருள், அசையாமல் பற்றியிருப்பது என்றும் பொருள். போதாததற்கு, இந்தத் தவக்காலத்தில் நாம் இருக்கிற ஒருசந்திக்கும் அதே சொல்.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். ரோட்டோரத்து ஃபிரைடு ரைஸ் கடையில் ஃபாஸ்ட் ஃபுட் என்று போர்டு தொங்குகிறது. ஆங்கில விவிலியத்தில் அதே சொல் சாப்பிடாமல் இருப்பதைச் சொல்கிறது. ஓடுவதும், நகராமல் நிற்பதும், உண்ணாதிருப்பதும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன?

மூன்றில் மூத்தது வேகம் அல்ல. பழைய ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்றால் உறுதியானது, இறுகியது, அசைக்க முடியாதது. அந்தப் பொருள் இன்றும் சாகவில்லை. வள்ளத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டுவதை ஆங்கில மாலுமிகள் 'ஃபாஸ்ட் ஆக்குவது' என்றுதான் சொல்வார்கள். ஜவுளிக் கடையில் சேலையை விரித்துப்போட்டு "ஃபாஸ்ட் கலர், சாயம் போகாது" என்கிறாரே கடைக்காரர், அவர் வாயில் வருவது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்தப் பழைய பொருள். சாயம் வேகமாக ஓடிவிடும் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை.

உறுதி எப்படி வேகம் ஆயிற்று என்பதற்கு ஆங்கிலேயரைத் தேடிப் போகவேண்டாம். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் இருப்பவனிடம் "அழுத்தி மிதிலே" என்கிறான். அவன் கேட்பது அழுத்தம் அல்ல, வேகம். தண்டு வலிக்கிறவரிடம் "ஓங்கி வலி" என்றால் வள்ளம் சீக்கிரம் போகவேண்டும் என்று அர்த்தம். பலத்தோடு செய்வது விரைவாகச் செய்வதாக மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலும் 'உறுதியாக, முழு வலுவோடு ஓடு' என்பதுதான் 'விரைந்து ஓடு' என்றாயிற்று. 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய எழுத்துகளில் இந்தப் பொருள் தெளிவாகத் தெரிகிறது. விரைவான குதிரை, விரைவான கப்பல் என்று பொருள்களுக்கு அடைமொழியாக வந்தது 16ஆம் நூற்றாண்டில். நம் பழந்தமிழிலும் இதே வழிதான். 'வல்' என்றால் வலிமை, 'வல்லே' என்றால் விரைவாக. 'கடுமை' நமக்குத் தெரியும். 'கடுகி வந்தான்' என்றால் விரைந்து வந்தான்.

இனி உண்ணாமைக்கு வருவோம். கிரேக்கத்தில் நோன்பைக் குறிக்கும் சொல் உண்ணாமையைச் சொல்கிறது. இலத்தீன் சொல் வெறும் வயிற்றைச் சொல்கிறது. வடமொழி உபவாசம் அருகில் தங்கியிருத்தல். செர்மானிய இனத்து மொழிகள் மட்டும் வேறு பக்கம் போயின. 4ஆம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கோத்திய மொழிக்குக் கொண்டுவந்தவர் ஆயர் வுல்ஃபிலா. ஆரியுசின் கொள்கைப் பக்கம் சாய்ந்தவர், அந்த வழக்கு நமக்கு இப்போது வேண்டாம், உழைப்பு பெரியது. அவருடைய மொழியில் நோன்பிருப்பதற்கான சொல்லே பற்றிக்கொள்ளுதல், காத்தல், கடைப்பிடித்தல் என்ற பொருள்களையும் தந்தது. ஆங்கிலத்தின் ஃபாஸ்ட் அதன் உடன்பிறப்பு. வயிறு காலியாக இருக்கிறதா என்பதை அது கேட்கவில்லை. கை எதையாவது பற்றியிருக்கிறதா என்று கேட்டது. காலை உணவுக்கு ஆங்கிலத்தில் 'பிரேக்ஃபாஸ்ட்', அதாவது நோன்பு முறிப்பு என்று பெயர் வந்தது 15ஆம் நூற்றாண்டில். முறிப்பதற்கு முன்னால் பற்றியிருந்த ஒன்று வேண்டும் அல்லவா.

வியப்பு என்னவென்றால், அந்த மொழிகளோடு எந்த உறவும் இல்லாத தமிழும் இதே முடிவுக்கு வந்திருக்கிறது. 'நோன்' என்றால் வலிய. நோன்மை என்றால் வலிமை, பொறுக்கும் ஆற்றல். வலிய கால்களை 'நோன்தாள்' என்றன சங்கநூல்கள். அந்த வேரிலிருந்துதான் நோன்பு. ஆகவே நோன்பு என்ற சொல்லிலும் சோறு இல்லை, பசியும் இல்லை, தாங்குதல் இருக்கிறது. கோட்டாறு இடலாக்குடியில் இஸ்லாமியர் ரமலானில் வைப்பதும் நோன்பு, நாஞ்சில்நாட்டுப் பெண்கள் ஔவையாருக்கு இருப்பதும் நோன்பு, நம்முடையதும் நோன்பு. ஒருசந்தி என்பது நாம் சேர்த்துக்கொண்ட கணக்கு: நாளில் ஒருவேளை உணவு.

வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், அதாவது 160ஆம் குறளில், இந்தச் சொல்லை வைத்து ஒரு காரியம் செய்கிறார். உண்ணாமல் நோற்பவர் பெரியவர்தான். ஆனால் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லை நோற்பவருக்கு அடுத்த இடம்தான் அவருக்கு என்கிறார். இரண்டு இடத்திலும் ஒரே வினை, நோற்றல். ஒருசந்தி நாளில் மருமகளிடம் எரிந்து விழுகிறவர்கள் இந்தக் குறளைப் படிக்கலாம். பசியில் கோபம் வருவது இயல்பு என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வள்ளுவர் அதற்கு இடம் வைக்கவில்லை.

பற்றிக்கொள்ளுதல் என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் ஓர் ஆள் உண்டு. விருதுநகர் சங்கரலிங்கனார், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். தலைவர்கள் பலர் நிறுத்தச் சொல்லியும் விடவில்லை. அக்டோபர் 13 அன்று இறந்தார். 19 நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, நம் கன்னியாகுமரி மாவட்டம் அதே மாநிலத்தோடு இணைந்தது. பெயர் மாறியது 1969 ஜனவரி 14 அன்றுதான். உயிர் போகும்வரை உண்ணாதிருப்பதைப் பற்றித் திருச்சபையின் எண்ணம் வேறு. ஆனால் வேகம் என்று நாம் நினைக்கிற சொல்லின் பழைய பொருளை அந்த முதியவர் வாழ்ந்து காட்டினார். அவர் பற்றியது வந்து சேர அவர் போய்ப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். பட்டினி நோன்பு அல்ல. ஆனி ஆடியில் கடல் பொங்கி, வள்ளம் கரையேறிக் கிடக்க, அடுப்பு எரியாத நாட்களை நம் கடற்கரை நிறையவே பார்த்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் கஞ்சியை ஊற்றிவிட்டு "எனக்குப் பசியில்லை மக்களே" என்று எழுந்துபோன பாட்டிமார் எத்தனை பேர். அன்று அந்த வீட்டுப் பசி எதையும் பற்றிய பசி அல்ல, பிடியெல்லாம் நழுவிய பசி. பாட்டி மட்டும் நோன்பிருந்தார். 1966இல் பாப்பிறை 6ஆம் பவுல் சட்டத்தைத் தளர்த்தி, கட்டாய ஒருசந்தியைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டு நாளாகக் குறைத்தபோது, ஏழை நாடுகளில் நோன்பு ஒரே மாதிரி இருக்க முடியாது என்பதையும் எடுத்துச் சொன்னார். இன்று 18 வயது முதல் 59 வரை உள்ளவர்களுக்கு அந்த இரண்டு நாள். ஒரு முழுச் சாப்பாடு, காலையும் மாலையும் சிறிது. உடல் மெலிய டயட் இருக்கிறவர்கள் இதைவிடக் கடுமையாக இருக்கிறார்கள் என்று இளையோர் கிண்டல் செய்வது உண்மைதான்.

இறைவாக்கினர் எசாயாவின் 58ஆம் அதிகாரம் இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. மக்கள் நோன்பிருந்துகொண்டே வேலைக்காரரை ஒடுக்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள். கடவுளோ, பிறரைக் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும்தான் தாம் விரும்பும் நோன்பு என்கிறார். இறுக்கிக் கட்டுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அந்த வசனத்தில் வைத்துப் படித்தால் விசித்திரமாகத்தான் இருக்கும்: தன்னைக் கட்டு, பிறரை அவிழ். நம் மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப்போடும் வழக்கம் இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிடியரிசி என்று பெயர். பானை நிறைந்ததும் கோவிலுக்கோ, இல்லாத வீட்டுக்கோ போகும். எடுத்த அன்று உலையில் ஒரு பிடி குறையும்; அதைத் தன் தட்டில் குறைத்துக்கொண்டது பெரும்பாலும் எடுத்தவர்தான்.