வட மாசிடோனியா: ஏரியும் மீனும் பெயர்ச் சிக்கலும்

கொல்கத்தாவின் கரியாஹாட் மீன் சந்தையில் மழைக்கால ஹில்சாவுக்கு உள்ள மதிப்பு, பால்கன் நாடான வட மாசிடோனியாவில் ஓஹ்ரித் ஏரியின் டிரவுட் மீனுக்கு உண்டு. வேறெங்கும் இயற்கையாக வாழாத அந்த மீன், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால் அருகிவிட்டது.

கடற்கரை இல்லாத இம்மலைநாட்டின் பரப்பளவு தமிழகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அல்பேனியாவுடன் பகிர்ந்துகொள்ளும் ஓஹ்ரித், ஐரோப்பாவின் மிகப் பழைமையான ஏரிகளுள் ஒன்று. ஆழம் சுமார் 288 மீட்டர். 1979-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

தலைநகர் ஸ்கோப்யேயில் 1910-இல் பிறந்தவரே அன்னை தெரசா. 1929-இல் அவர் கொல்கத்தா வந்தார். 1963 ஜூலை 26-இல் நேர்ந்த நிலநடுக்கம் அந்நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பழைய ரயில் நிலையத்தின் கடிகாரம் அன்று நின்ற 5.17 மணியையே இன்றும் காட்டுகிறது.

வெள்ளை பீன்ஸை மண்சட்டியில் வேகவைத்துச் சுடும் 'தவ்சே கிராவ்சே' இங்கு புகழ்பெற்ற உணவு. சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து மசிக்கும் 'அய்வார்', நம் ஊறுகாயைப் போல இலையுதிர் காலத்தில் வீடுகளில் தயாராகிறது.

'மாசிடோனியா' என்ற பெயருக்குக் கிரேக்கம் எதிர்ப்புத் தெரிவித்ததால், 2018 ஒப்பந்தப்படி 2019 பிப்ரவரியில் நாட்டின் பெயர் மாறியது. அதன் பின்னரே, 2020-இல் நேட்டோவில் இடம் கிடைத்தது.