ஓடும்போது எத்தனை பவுண்டு?

1985-ல் தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு சின்ன இன்ஜின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது மாதமே ஒரு வி-8 இன்ஜினின் பிஸ்டனை ஓட்டையாக்கினேன். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. சுற்றிலும் அலுமினியம் மெழுகு போல வழிந்து உறைந்திருந்தது. கூடுதல் சக்திக்காக நைட்ரஸ் ஆக்சைடு வாயு பூட்டிய வண்டி அது. பெட்ரோல் பிரஷரை செட் செய்தது நான்தான். கேஜில் முள் 6 பவுண்டில் ஆடாமல் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். (நம்மூரில் டயருக்குக் காற்றடிப்பவர் சொல்கிற அதே பவுண்டுதான்.) முதலாளி திட்டவில்லை. "முள் 6-ல் நின்றபோது பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

ஓடவில்லை. பம்ப் சுற்றியது, குழாய் முனை மூடியிருந்தது.

நைட்ரஸ் ஆக்சைடின் கதையைச் சொல்கிறவர்கள் வாயுவைப் பற்றியே சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி அதைத் தயாரித்தது, ஹம்ப்ரி டேவி தானே முகர்ந்து பார்த்து 1800-ல் புத்தகம் போட்டது, 1844-ல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கக் கொடுத்தது எல்லாம் சுவையான சேதிகள்தான். எங்கள் தொழிலுக்கு அந்த வாயு வந்த வழி வேறு: ஆகாய வழி.

இரண்டாம் உலகப் போரில் உயரே ஏறிய விமானங்களுக்குக் காற்று போதவில்லை. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 விழுக்காடு; நைட்ரஸ் ஆக்சைடில் 36. ஜெர்மானியர்கள் அதைத் திரவமாக்கி இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். ஜி.எம்.-1 என்று பெயர். மெஸ்ஸர்ஷ்மிட் 109, யுங்கர்ஸ் 88 விமானங்களில் சில வகைகளில் அது இருந்தது. பிரிட்டிஷாரும் மஸ்கிட்டோ இரவுப் போர்விமானங்களில் இதே வித்தையைச் செய்தார்கள். மைனஸ் 88 டிகிரியில் கொதிக்கும் திரவம் உள்ளே போய் ஆவியாகும்போது காற்றையும் குளிரவைத்தது. அது கூடுதல் லாபம்.

ஆனால் நைட்ரஸ் தானாக எரியாது. எரிய உதவும், அவ்வளவே. ஆக்சிஜனைக் கூட்டினால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். பெட்ரோல் குறைந்தால் சூடு எகிறும், இன்ஜின் தட்டும், பிளக்கின் முனை கரையும், பிறகு பிஸ்டன் தலை உருகும். இத்தனைக்கும் சில விநாடிகள் போதும்.

போருக்குப் பின் இந்த வித்தை கார்ப் பந்தயக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. பல இடங்களில் அதை ஒளித்தே செய்தார்கள். 1976 டேடோனா 500 பந்தயத்தின் தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டிய ஏ.ஜே. ஃபாய்ட், டாரல் வால்ட்ரிப் இருவரின் நேரங்களையும், நைட்ரஸ் பயன்படுத்தினார்கள் என்று அதிகாரிகள் ரத்து செய்தார்கள். முதல் இடம் ராமோ ஸ்டாட்டுக்குப் போனது. ஒளித்துச் செய்கிற வேலையில் யார் யாருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள்? எத்தனை பிஸ்டன் போனது என்பதைக்கூட அவரவர் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

1978-ல் மைக் தெர்மோஸும் டேல் வாஸ்னேயனும் கலிபோர்னியாவில் நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். என்.ஓ.எஸ். என்கிற மூன்றெழுத்து அங்கிருந்து வந்ததுதான். வாயுவுக்கு ஒரு பித்தளை ஜெட் (சிறு துளையுள்ள முனை), பெட்ரோலுக்கு ஒரு ஜெட், இரண்டையும் திறந்துவிட சோலினாய்டு (மின்சார வால்வு) என்று கிட்டுகள் பெட்டியில் போட்டு விற்பனைக்கு வந்தன. எந்தக் குதிரைத் திறனுக்கு எந்த ஜெட் என்று அட்டவணையும் கூடவே வந்தது. தொழிலே மாறியது அப்போதுதான் என்பேன். முன்பு கையும் காதும் வைத்துப் பிடித்த பக்குவம் ஒரு தாளில் அடங்கிவிட்டது. ஆனால் அந்த ஜெட் நம்பர்கள் ஒரு குறிப்பிட்ட பெட்ரோல் பிரஷருக்குத்தான் பொருந்தும். கார்புரேட்டர் வண்டிக்கு 6 பவுண்டு அளவில் இருக்கும். அதுவும் பெட்ரோல் ஓடும்போது உள்ள பிரஷர்.

மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்வரை பைப்பில் அழுத்தம் ஜோர். சமையலறையில் ஒன்றைத் திறந்தால் குளியலறையில் நூலாக ஒழுகும். மூடிய குழாயில் 6 காட்டியது ஓடும்போது நாலரைக்கு இறங்கினால் பெட்ரோல் சுமார் 13 விழுக்காடு குறையும். வாயு மட்டும் சிலிண்டரிலிருந்து 900 பவுண்டில் பாய்ந்துகொண்டிருக்கும். என் பிஸ்டன் போனது இப்படித்தான்.

மறுநாள் முதலாளி ஒரு சின்னக் கருவியைக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் கேஜ், மறுபக்கம் ஜெட் பொருத்தும் முனை. வண்டியில் போடப்போகும் அதே ஜெட்டை அதில் மாட்டி, பெட்ரோலைக் கேனுக்குள் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரின் திருகைத் திருப்ப வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

சிலிண்டரின் சூடு தனிக் கதை. 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது. சித்திரை வெயிலில் சென்னையில் காரின் டிக்கிக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வியர்க்கும்.

2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் வந்த பிறகு பட்டறைக்கு வந்த பையன்கள் எல்லாரும் நைட்ரஸின் நீல சிலிண்டரைக் கேட்டார்கள். ரெகுலேட்டரைப் பற்றி ஒருவன்கூடக் கேட்கவில்லை. அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இன்ஜின் ஆறட்டும், பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்க வேண்டாம், சிலிண்டரைத் திறக்கும் முன் ஒரு லிட்டர் பெட்ரோலைக் கேனில் ஓடவிட்டு முள்ளைப் பாருங்கள். அந்தப் பெட்ரோல் வீணாகாது. திரும்ப டேங்கிலேயே ஊற்றிக்கொள்ளலாம்.