திரை

திரை: இடையே தொங்கவிட்டு மறைக்கும் துணி. அலை, தோலின் சுருக்கம் என்ற பொருள்களும் உண்டு. திரைதல் என்றால் சுருங்குதல். திரைத்தல் என்றால் உடுத்திய துணியைச் சுருக்கி ஏற்றிக் கட்டுதல். கடலுக்கும் முதியவர் முகத்துக்கும் துணிக்கும் பொதுவாக இருப்பது மடிப்புதான். மறைத்தல் என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள் எனக் கொள்வதே பொருத்தம்.

மேடைத்திரையின் பழைய பெயர் எழினி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மூன்று வகை காட்டுகிறது: ஒருபுறமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. பிற்காலத்தில் அது படுதா ஆயிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய மதுரையில், ஸ்பெஷல் நாடகக்காரர்கள் தெருவும் காடும் அரண்மனையும் வரைந்த படுதாவைச் 'சீன்' என்றே சொல்வார்கள்.

கோயிலில் இந்தச் சொல்லுக்குத் தனி அதிகாரம். "திரை போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும். உள்ளே அலங்காரமோ நைவேத்தியமோ நடக்கிறது என்று வரிசை அப்படியே நின்றுவிடும். மணி ஒலிக்க, திரை விலக, தீபாராதனை. வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு நிறத் திரைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஜோதி காட்டுகிறார்கள்.

மதுரையில் கோயில் திரை போன்ற துணிவேலைக்குப் பேர்போனவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் நெடுங்காலம் கடை வைத்திருந்த தையற்காரர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடமிடுவோரின் உடையும் அவர்கள் கைவேலையே. தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பையைத் திரை என்று யாரும் சொல்வதில்லை. வெட்டிய துணிப்பூக்களை வேறு நிறத் துணிமேல் வைத்துத் தைத்த அது எதையும் மறைப்பதில்லை. காற்றில் ஆடி அழகு காட்டுவதோடு சரி.

சினிமா வந்ததும் சொல் தலைகீழாயிற்று. வெள்ளித்திரையில் மடிப்பு விழக்கூடாது. அது காட்டுமே தவிர மறைக்காது. ஆனாலும் திரையரங்கு, திரைக்கதை, சின்னத்திரை, தொடுதிரை என்று இன்று வழங்கும் புதுச்சொற்கள் பலவும் இந்தப் பொருளில் பிறந்தவையே. 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர் இப்போது இல்லை. அந்த இடத்தில் இருப்பது ஒரு பெரிய ஜவுளிக்கடை.