வெளிப்புற வன்தட்டிலிருந்து கோப்பு மீட்டல்

வெளிப்புற வன்தட்டிலிருந்து கோப்பு மீட்டல் என்பது, யூஎஸ்பி வழியே கணினியுடன் இணைக்கப்படும் ஹார்டு டிஸ்க்கில் அழிந்ததாகவோ காணாமற்போனதாகவோ தோன்றும் கோப்புகளை மறுபடி படிக்கத்தக்கவையாக்கும் பணி. அழிக்கப்பட்ட கோப்பின் தரவு, அதே இடத்தில் வேறு தரவு எழுதப்படும்வரை தட்டில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே இழப்பு தெரிந்தவுடன் அந்த வட்டில் எதையும் எழுதாமல் நிறுத்துவதே முதல் வேலை. மற்ற முறைகளின் வெற்றி எல்லாம் இதைப் பொறுத்தது.

அழிக்கும்போது நடப்பது

எந்தக் கோப்பு தட்டின் எந்தப் பகுதிகளில் உள்ளது என்ற விவரத்தைக் கோப்பு முறைமை தனி அட்டவணையில் வைத்திருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் வழக்கமாக 1,024 பைட் அளவில் ஒரு பதிவு உண்டு. கோப்பை அழித்தால் அப்பதிவு பயன்பாட்டில் உள்ளது என்ற குறி மட்டும் நீங்கும். பெயரும் அளவும் இருப்பிடமும் உடனே மறைவதில்லை. ஃபேட் முறைமையில் பெயரின் முதல் பைட் மாற்றப்படும். கோப்பின் துண்டுகளை வரிசைப்படுத்தும் சங்கிலியும் துடைக்கப்படும். அதனால் தொடர்ச்சியாக எழுதப்பட்ட கோப்பு முழுதாக மீளும். பல இடங்களில் சிதறிய கோப்பு பழுதாகவே கிடைக்கும்.

விரைவு ஃபார்மட் புதிய அட்டவணையை மட்டும் எழுதுவதால் பழைய தரவில் பெரும்பகுதி தப்பும். விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மட் தட்டு முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதுகிறது. அதன்பின் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அழியாமலே மறைந்தவை

கோப்பு அழியாமல் கண்ணில் படாமல் மட்டும் போகும் நிலைகளும் உண்டு. என்டிஎஃப்எஸ் வெளிவட்டில் சாதாரணமாக அழித்த கோப்பு அந்த வட்டிலேயே உள்ள மறைவான குப்பைத்தொட்டிக் கோப்புறைக்குப் போகும். வட்டைச் செருகியிருந்தால்தான் ரீசைக்கிள் பின்னில் அது தெரியும்.

ஷார்ட்கட் வைரஸ் எனப்படும் தீநிரல், வட்டிலுள்ள கோப்புறைகளுக்கு மறைவு, சிஸ்டம் என்னும் பண்புகளை ஏற்றிவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்களை வைக்கும். அவற்றைச் சொடுக்கினால் தீநிரல் அந்தக் கணினிக்கும் தொற்றும். கோப்புறைகள் காணாமற்போயும் வட்டின் பயன்பட்ட இடம் குறையாமல் இருப்பது இதன் அடையாளம். நோய்நீக்கப்பட்ட கணினியில் வட்டை ஸ்கேன் செய்து, பிறகு அட்ரிப் கட்டளையால் அப்பண்புகளை நீக்கினால் கோப்புகள் பழைய இடத்திலேயே தெரியும். சில வகைகள் எல்லாவற்றையும் பெயர் தெரியாத ஒரு கோப்புறைக்குள் நகர்த்திவிடுவதும் உண்டு.

வட்டைப் பயன்படுத்த ஃபார்மட் செய்யவேண்டும் என்று விண்டோஸ் கேட்டால், கோப்பு முறைமையை அதனால் படிக்க இயலவில்லை என்பதே பொருள். அங்கே சம்மதம் தரக்கூடாது. செக்டிஸ்க் கட்டளையையும் நகலெடுப்பதற்கு முன் ஓட்டக்கூடாது. அது பழுதுபார்க்கும் முயற்சியில் வட்டிலேயே எழுதும், அநாதையான துண்டுகளைப் பெயரிழந்த கோப்புகளாகத் தனிக் கோப்புறையில் போடும்.

மென்பொருள் வழி மீட்பு

பழுதான வட்டில் நேரடியாகத் தேடாமல், அதை முழுமையாக வேறொரு வட்டுக்குப் படிமமாக எடுத்து, தேடலைப் படிமத்தில் நடத்துவதே பாதுகாப்பு. இதற்கு உதவும் குனு டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருள் முதலில் எளிதில் படிக்கத்தக்க பகுதிகளை எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைப் பின்னர் முயலும். எடுத்ததும் விட்டதும் ஒரு குறிப்புக் கோப்பில் பதிவாவதால், வேலை இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க், காணாமற்போன வட்டுப் பிரிவுகளை (பார்ட்டிஷன்) தேடிச் சீரமைக்கும். அதன் துணை மென்பொருளான ஃபோட்டோரெக் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. தட்டில் உள்ள தரவையே நேரடியாகப் படிக்கிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்களுடன் தொடங்குவது போல, கோப்பு வகைகளுக்குத் தனித்தனி முகப்பு உண்டு. அவற்றைக் கொண்டு கோப்பைப் பிரித்தெடுப்பதால் உள்ளடக்கம் கிடைக்கும். பழைய பெயரும் கோப்புறை ஒழுங்கும் பொதுவாகக் கிடைக்கா. மீண்ட கோப்புகளை எப்போதும் வேறு வட்டில்தான் சேமிக்க வேண்டும்.

கருவிப் பழுது

வட்டு கணினியில் தெரியாவிட்டால் முதலில் கேபிளை மாற்றி, ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். 3.5 அங்குல வட்டுகளில் மின் அடாப்டர் பழுதும் காரணமாகலாம். அப்போதும் வட்டிலிருந்து டிக் டிக் என்ற ஒலி தொடர்ந்து வந்தால் படிப்புமுனை சேதமடைந்திருக்கக்கூடும். உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் பரப்பைச் சுரண்டக்கூடும். வீட்டில் மூடியைத் திறப்பதும் ஃப்ரீசரில் வைப்பதும் தூசியையும் ஈரத்தையும் உள்ளே விடும். இத்தகைய வட்டைத் தூய அறை வசதியுள்ள ஆய்வகத்தில் மட்டுமே திறக்கலாம்.

ஆய்வக மீட்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சான்று, 2003இல் சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் எச்சங்களில் கிடைத்த வன்தட்டு. கருகிப்போன அதிலிருந்து கிரால் ஆன்ட்ராக் நிறுவனம் தரவில் சுமார் 99 விழுக்காட்டை மீட்டது. அதிலிருந்த செனான் வாயு ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின.

வரம்புகள்

எஸ்எஸ்டி வகை வெளிவட்டுகளில் டிரிம் கட்டளை செயல்பட்டால், அழித்த கோப்பின் பகுதிகள் விரைவிலேயே வெறுமையாகும். விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டிய வட்டுக்குக் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் எடுத்த படிமம் பயன்படாது. சில வெளிவட்டுகளில் யூஎஸ்பி இணைப்பு வட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். தரவும் தானாகவே மறையாக்கம் செய்யப்படும். அவற்றின் உறையைக் கழற்றி வேறு வழியில் இணைத்துப் படிக்க இயலாது.

காப்புநகல்

மீட்புக்கு உத்தரவாதம் கிடையாது. ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி, மூன்று நகல், இரு வகை ஊடகம், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்கிறது. கணினியில் இடம் போதவில்லை என்று கோப்புகளை வெளிவட்டுக்கு நகர்த்திவிட்டால் இருப்பது ஒரே பிரதிதான். அதைக் காப்புநகல் என்று நம்பக்கூடாது. குடும்பப் படங்களும் ஆய்வேடுகளும் கணக்குகளும் உள்ள வட்டுக்கு இன்றே இரண்டாம் பிரதி எடுத்து, அதிலுள்ள சில கோப்புகளைத் திறந்து சரிபார்ப்பது, எந்த மீட்பு முயற்சியையும் விடச் செலவு குறைந்தது, உறுதியானது.