14 வருஷம் கழித்து நீங்கிய ஒரு அடிக்குறிப்பு

கிளவுட் நிறுவனங்களின் 'புது வசதிகள்' அறிவிப்புகளை யாரும் வரலாற்று ஆவணமாக வாசிப்பதில்லை. வருஷக் கடைசியில் அமேசான் தன் கிளவுட் மாநாட்டை நடத்தும்போது கொத்துக் கொத்தாக அறிவிப்புகள் வரும், நாமும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவோம். ஆனால் பழைய அறிவிப்புகளை வரிசையாக அடுக்கி வாசித்தால் வேறு ஒரு கதை கிடைக்கிறது. ஒவ்வொரு புது வசதியும், அதுவரை அந்த வசதி இல்லாமல் யாரோ எங்கோ கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கான சாட்சி. அப்படி ஒரே ஒரு அறிவிப்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தேதி 2020 டிசம்பர் 1. கொரோனாவால் அந்த வருஷ மாநாடு இணையத்திலேயே நடந்தது.

அறிவிப்பு இதுதான்: அமேசானின் எஸ்3 சேமிப்பகம் இனி 'ஸ்ட்ராங் கன்ஸிஸ்டன்ஸி' கொண்டதாக இருக்கும். கூடுதல் கட்டணம் கிடையாது. யாரும் தங்கள் நிரலை மாற்ற வேண்டாம்.

கேட்கும்போது சப்பென்று இருக்கும். ஏன் அது பெரிய விஷயம் என்று புரிய 2006க்குப் போகணும்.

2006 மார்ச் 14 அன்று எஸ்3 வெளிவந்தது. ஒரு ஜிபி வைக்க மாசத்துக்கு 15 சென்ட், ஒரு ஜிபியை அனுப்பவோ எடுக்கவோ 20 சென்ட். முன்பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, பயன்படுத்தின அளவுக்குக் காசு. சர்வர் வாங்கக் கையில் பணமில்லாத சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இது பெரிய கதவைத் திறந்துவிட்டது. பக்கெட் ஒன்று உருவாக்கு, பெயர் கொடுத்து ஃபைலைப் போடு, அதே பெயரைச் சொல்லி எடு. அவ்வளவுதான். பெயரிலேயே 'சிம்பிள்' இருந்தது.

ஆனா ஒரு அடிக்குறிப்பும் கூடவே இருந்தது. நீங்க ஒரு ஃபைலை மாற்றி எழுதினால், உடனே படிக்கிறவருக்குப் பழையதே கிடைக்கலாம். நீக்கினால், நீக்கியது கொஞ்ச நேரம் உயிரோடு தெரியலாம். பக்கெட்டில் என்னென்ன இருக்கு என்று பட்டியல் கேட்டால், இப்போதுதான் போட்ட ஃபைல் அதில் விட்டுப்போயிருக்கலாம். கடைசியில் எல்லாம் சரியாகிவிடும். எப்போது என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. இதற்குத்தான் 'இவென்சுவல் கன்ஸிஸ்டன்ஸி' என்று பெயர்.

இது அலட்சியத்தால் வந்ததில்லை. எரிக் பிரூவர் 2000ல் முன்வைத்து, 2002ல் கில்பர்ட்டும் லிஞ்ச்சும் நிரூபித்த ஒரு கருத்து அப்போது எல்லோர் மனதிலும் இருந்தது. பல கணினிகளில் பரவிக் கிடக்கும் ஒரு அமைப்பில் நடுவே தொடர்பு அறுந்தால், 'எப்போதும் பதில் சொல்வது', 'எப்போதும் சரியான பதில் சொல்வது' என்ற இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். அமேசான் முதலாவதை எடுத்துக்கொண்டது. கடை எப்போதும் திறந்திருக்கணும் என்பது ஒரு வியாபார நிறுவனத்தின் இயல்பான புத்தி. அவர்களுடைய டைனமோ ஆய்வுக் கட்டுரையும் (2007) இதே மனப்போக்கில் எழுதப்பட்டதுதான்.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

படங்களைப் போட்டு வைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அடி வாங்கியது, எஸ்3யை வைத்துப் பெரிய தரவுகளை அலசத் தொடங்கியவர்கள். ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு வேலை ராத்திரி 1,000 ஃபைல்களை எழுதி முடிக்கிறது. அடுத்த வேலை வந்து பட்டியல் கேட்கிறது, 998தான் வருகிறது. அது பாட்டுக்கு 998ஐ வைத்துக் கூட்டிக் கணக்கை முடித்துவிடும். பிழைச்செய்தி வராது, சிவப்பு விளக்கு எரியாது. காலையில் அறிக்கையில் ஒரு எண் இருக்கும், அது தப்பாக இருக்கும். அதைவிடக் கொடுமை, சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினால் சரியாக வரும். தப்பை நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் ஆளாளுக்கு முட்டுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் எஸ்3ம்பர் என்ற கருவியை எழுதி 2014ல் பொதுவில் வைத்தது. என்னென்ன ஃபைல் எழுதினோம் என்று தனியாக ஒரு டேட்டாபேஸில் குறித்துவைத்து, எஸ்3 தரும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. ஹடூப் திட்டத்தில் எஸ்3கார்டு வந்தது, அதுவும் அதே யோசனைதான். அமேசானே தன் ஹடூப் சேவைக்குள் இதேபோல ஒன்றைக் கொடுத்தது. அதற்குப் பின்னால் ஓடியது டைனமோடிபி. அதன் கட்டணம் வாடிக்கையாளர் தலையில். கூரை ஒழுகுது என்றால், வாளி வாடகைக்குத் தருகிறோம் என்ற மாதிரி!

இதற்கு நடுவில் கவனிக்க வேண்டிய இன்னொரு ஆவணம் உண்டு. 2011ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் தங்கள் அஷூர் சேமிப்பகம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எப்போதும் கிடைப்பதும் எப்போதும் சரியாக இருப்பதும் நடைமுறையில் சேர்ந்தே சாத்தியம், அதற்கேற்றபடி அடுக்குகளைப் பிரித்துக் கட்டணும் என்பது அதன் சாரம். ஆக, அந்த அடிக்குறிப்பு இயற்கை விதி இல்லை. அது ஒரு வடிவமைப்புத் தேர்வு.

2020ல் அமேசான் அந்தத் தேர்வை எப்படி மாற்றியது என்பதை அதன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி வெர்னர் வோகல்ஸ் அடுத்த வருஷம் எழுதினார். எஸ்3யில் ஃபைலின் உள்ளடக்கம் ஒரு பக்கம், 'இந்தப் பெயருக்கு உரியது எங்கே இருக்கு' என்ற குறிப்பேடு இன்னொரு பக்கம். வேகத்துக்காகவும் தடங்கல் வராமல் இருக்கவும் குறிப்பேட்டுக்கு முன்னால் தற்காலிக நகல்களை வைத்திருந்தார்கள். ஒரு நகல் வழியாக எழுத்து போகும், இன்னொரு நகல் வழியாகப் படிப்பு வரும். பழசு தெரிந்தது முக்கியமாக இதனால்தான். இப்போது நடுவில் 'விட்னஸ்', அதாவது சாட்சி என்று ஒரு சின்ன அங்கத்தை நிறுத்தினார்கள். ஒவ்வொரு மாற்றமும் அதற்குத் தெரியும். நகல் பதில் சொல்லும் முன் 'என்னிடம் இருப்பது புதுசுதானா?' என்று சாட்சியைக் கேட்கும். இல்லை என்றால் மூலக் குறிப்பேட்டுக்கே போகும். இது எல்லாச் சூழலிலும் சரியாக நடக்குமா என்று சோதித்துப் பார்த்ததோடு நிற்காமல், கணித முறையிலும் நிரூபித்துப் பார்த்திருக்கிறார்கள்.

யோசனை சின்னது. ஆனா உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையை நிறுத்தாமல், விலை ஏற்றாமல் இதைச் செய்தது சின்ன வேலை இல்லை. விளைவு என்ன? ஹடூப் எஸ்3கார்டைத் தன் நிரலிலிருந்தே நீக்கியது. ஆயிரக்கணக்கான வரிகளை அழிக்க வைத்த 'புது வசதி' இது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மற்ற அறிவிப்புகளும் வேறு மாதிரி தெரியும். பக்கெட்டைத் தெரியாமல் ஊருக்கே திறந்து வைத்ததால் எத்தனையோ தரவுகள் கசிந்தன. ரொம்ப நாள் 'அது வாடிக்கையாளர் தப்பு' என்பதே பதில். 2018 நவம்பரில் மொத்தமாக அடைக்க ஒரு பூட்டு வந்தது. 2023 ஏப்ரல் முதல் புது பக்கெட் எல்லாம் பூட்டியே வருகிறது. யாரோ முன்பின் தெரியாதவர் உங்கள் பக்கெட்டைத் தட்டி அனுமதி மறுக்கப்பட்டாலும் அதற்கு உங்களுக்கு பில் வந்துகொண்டிருந்தது. 2024 மேயில் அதை நிறுத்தினார்கள். இரண்டு நிரல்கள் ஒரே பெயரில் எழுதினால் ஒன்றை ஒன்று மிதிக்கும் சிக்கலுக்கு 2024 ஆகஸ்டில்தான் 'ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் எழுது' என்ற நிபந்தனை வசதி வந்தது.

எல்லா அறிவிப்பும் இந்த ரகம் இல்லை. விலைப்பட்டியலில் சேமிப்பு வகைகள் கூடிக்கொண்டே போகும்போது, எது மலிவு என்று கணக்குப் போடும் சுமை நம் பக்கம்தான் நகர்கிறது.

அதனால் ஒரு கிளவுட் நிறுவனம் புது வசதி என்று அறிவிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதனால் யார் தலையில் இருந்த சுமை யார் தலைக்குப் போகிறது? 2006ல் ஒரு வரியாக இருந்த அடிக்குறிப்புக்குப் பின்னால், பெயர் தெரியாத எத்தனையோ பொறியாளர்களின் தூங்காத ராத்திரிகள் இருக்கின்றன. 14 வருஷம் கழித்து, கட்டியவர்களே அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்கள். தாமதம்தான். ஆனாலும் அந்த இடத்திலிருந்துதான் அது சரியாகத் தீர்ந்திருக்க முடியும்.