இழுக்காமலே அளந்த ராமச்சந்திரன்

பி.காம் படிக்கிறவனுக்குப் படிகத்தோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கதை நம்ம ஊர்த் தறியிலிருந்துதான் தொடங்குகிறது.

பள்ளிப்பட்டுப் பக்கம் நெய்கிற துணி ஒன்றை எடுத்து, பாவு நூல் வாக்கில் இழுத்துப் பாருங்கள். அவ்வளவாக நீளாது. ஊடை வாக்கிலும் அப்படித்தான். மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் நன்றாகவே நீளும். படிகமும் இதே ரகம்தான். அணுக்கள் வரிசையாக அடுக்கியிருப்பதால் திசைக்குத் திசை விறைப்பு மாறும். அதைச் சொல்லும் எண்கள்தான் மீட்சி மாறிலிகள். உப்பு, செம்பு போன்ற கனசதுரப் படிகங்களுக்கு மூன்று எண்கள் போதும்.

ஆனால் கடுகளவு படிகத்தை எப்படிப் பிடித்து இழுப்பது?

படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் பளிச்சென்ற புள்ளிகள் விழும். அவற்றோடு மங்கலான ஒளியும் தெரியும். 1940ல் பெங்களூரில் சி.வி.ராமனும் நீலகண்டனும் வைரத்தில் இதை ஆராய்ந்தார்கள். எக்ஸ் கதிரே அணுக்களை அதிர வைக்கிறது என்றார் ராமன். இல்லை, வெப்பத்தால் அணுக்கள் ஏற்கெனவே அலைபோல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன, அதன் விளைவுதான் இது என்றது பார்ன், கேத்லீன் லான்ஸ்டேல் தரப்பு. பெரிய சண்டையே நடந்தது.

ராமனின் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரன் (1922ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர்) 1947ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே வூஸ்டருடன் சேர்ந்து இரண்டாவது விளக்கத்தையே அளவுகோலாக மாற்றினார். கணக்கு எளிது. விறைப்பு குறைந்த திசையில் வெப்ப அலை பெரிதாக இருக்கும், மங்கல் ஒளியும் கூடும். ஆகவே ஒளியை அளந்தால் விறைப்பு தெரிந்துவிடும். இழுக்கவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம்! 1951ல் இருவரும் இதைக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள்.

சரி, வீடு கட்டும் இரும்புக் கம்பி ஒற்றைப் படிகமா? இல்லை. திசைக்கொன்றாகத் திரும்பிய கோடிக்கணக்கான குட்டிப் படிகங்களின் கூட்டம். அதற்கு வேறு வழி உண்டு. கம்பியைப் பளு கொடுத்து இழுத்தபடியே எக்ஸ் கதிரைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு வகை அணு அடுக்கின் இடைவெளியும் எவ்வளவு மாறியது என்று பார்ப்பார்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஒற்றைப் படிகத்தின் எண்களைப் பிடிப்பார்கள். இதில் ஒரு சிக்கல். குட்டிப் படிகங்கள் எல்லாம் ஒரே அளவு நீள்கின்றன என்பது வோய்ட் கணக்கு. எல்லாமே ஒரே அளவு விசையைத் தாங்குகின்றன என்பது 1929ல் ராய்ஸ் போட்ட கணக்கு. உண்மை இரண்டுக்கும் நடுவே என்று 1952ல் ஹில் காட்டினார்.

அதே 1952ல் ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவமும், 1963ல் வெளியான ராமச்சந்திரன் வரைபடமும் அங்கே பிறந்தவை. அவற்றால்தான் உலகம் அவரை நினைக்கிறது. எனக்குப் பிடித்தது என்னவோ அந்தப் பழைய வேலைதான்.

எங்கள் கணக்குப்பதிவியலில், எந்தப் பேரேடு சரியாக 'டேலி' ஆகிறதோ அதுதான் நிற்கும். எழுதியது முதலாளியா குமாஸ்தாவா என்று பார்ப்பதில்லை. நோபல் வாங்கிய குருவின் விளக்கம் நிற்கவில்லை. மறுதரப்பு விளக்கத்தை வைத்து அளந்து காட்டியவர்களில் அவருடைய சீடரும் ஒருவர். வாத்தியார் சொன்னதை அப்படியே விடைத்தாளில் எழுதும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள் மக்களே!