பிழை எங்கே பிறந்தது? - மேக்ரோக்களும் கம்பைலர்களும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் உள்ள கல்லூரிகளின் கம்ப்யூட்டர் லேப்களில் ஒரு காலத்தில் நீலத் திரைதான் ராஜா. டர்போ சி! நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. ப்ரோக்ராமை அடித்து முடித்து கம்பைல் கொடுத்தால் கீழே ஒரு செய்தி வரும்: "40-வது வரியில் பிழை".

மாணவர் 40-வது வரிக்குப் போவார். அங்கே ஒரு தவறும் இருக்காது. செமிகோலன் இருக்கும், அடைப்புக்குறி இருக்கும், எழுத்துப்பிழை கூட இருக்காது. வரியை அழித்து மறுபடி அடிப்பார். மறுபடியும் அதே செய்தி. கடைசியில் யாராவது வந்து, இரண்டு ஃபைல் தள்ளி ஒரு மேக்ரோவில் இருந்த தவறைக் காட்டுவார்கள். அதுவரை திட்டு வாங்கியது மட்டும் பாவம் அந்த 40-வது வரி!

பிழை தெரியும் இடம் வேறு, பிழை பிறந்த இடம் வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதையைக் கம்பைலர்கள் எப்படிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டன என்பது ஒரு சுவாரசியமான வரலாறு. சரியாகச் சொன்னால், கற்றுக்கொண்டு, மறந்து, மறுபடியும் கற்றுக்கொண்ட வரலாறு.

மேக்ரோ என்றால் என்ன?

மேக்ரோ என்பது ஒரு சுருக்கெழுத்து. நீளமான ஒன்றுக்கு ஒரு சின்னப் பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயர் வரும் இடத்தில் எல்லாம் நீளமானதை எடுத்து ஒட்டிவிடும். வட்டிக் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டி(அசல்) = (அசல் * விகிதம் / 100)
மொத்தம்(அசல்) = (அசல் + வட்டி(அசல்))
தவணை(அசல்) = (மொத்தம்(அசல்) / 12)

தவணைக்குள் மொத்தம், மொத்தத்துக்குள் வட்டி. ஒன்றுக்குள் ஒன்று. நீங்கள் ப்ரோக்ராமின் 40-வது வரியில் "தவணை" என்று ஒரு வார்த்தைதான் எழுதுகிறீர்கள். கம்பைலர் கையில் போய்ச் சேரும்போது அது ஒரு முழ நீளக் கணக்காக மாறியிருக்கும்.

இப்போது வட்டி மேக்ரோவில் "விகிதம்" என்பதை யாரோ "விகதம்" என்று அடித்துவிட்டார் என்று வையுங்கள். மேக்ரோவை எழுதிய இடத்தில் கம்பைலர் இதைக் கண்டுகொள்ளாது. ஏனென்றால் சி மொழியில் மேக்ரோ வெறும் எழுத்துகள்தான். ஒட்டிய பிறகுதான் அதற்கு அர்த்தமே வரும். ஆகவே பிழை வெடிப்பது பயன்படுத்திய இடத்தில். பல இடங்களில் பயன்படுத்தியிருந்தால் பல பிழைச் செய்திகள்! தவறு செய்தது ஒரே ஒரு வரி. அதன் பெயர் மட்டும் எந்தச் செய்தியிலும் இருக்காது.

ஆரம்பத்தில் தெரிந்திருந்தது

மேக்ரோ என்பது சி மொழியோடு பிறந்தது அல்ல. 1950களின் அசெம்ப்ளர்களிலேயே அது உண்டு. 1960-ல் பெல் லேப்ஸைச் சேர்ந்த டக் மெக்கில்ராய், மேக்ரோக்களைக் கொண்டு ஒரு மொழியையே எப்படி விரிவாக்கலாம் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். மேக்ரோவுக்குள் மேக்ரோ என்பதெல்லாம் அப்போதே பேசப்பட்ட விஷயம்.

நம் ஊரோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 1973-ல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 என்ற பெரிய கணினி வந்தது. அது பஞ்ச் கார்டு காலம். அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கொடுத்துவிட்டு, அச்சடித்த தாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தவறு என்றால் திருத்தி மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பது ரொம்ப முக்கியம்.

ஐபிஎம் அசெம்ப்ளர்கள் அந்தத் தாளில் ஒரு நல்ல காரியம் செய்தன. மனிதர் எழுதிய வரி அப்படியே அச்சாகும். மேக்ரோ உருவாக்கிய வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கூட்டல் குறி (+) இருக்கும். "இது நீ எழுதியது இல்லை, மேக்ரோ போட்டது" என்று அர்த்தம். பிறகு வந்த ஐபிஎம் அசெம்ப்ளர்களில், அந்த வரி எத்தனையாவது மட்டத்து மேக்ரோவிலிருந்து வந்தது என்ற எண்ணும் சேர்ந்தது. மேக்ரோ எழுதுபவரே தன் சொந்தப் பிழைச் செய்தியை அச்சடிக்க வைக்கவும் ஒரு கட்டளை இருந்தது.

சின்னக் கூட்டல் குறிதான். ஆனால் அது ஒரு அடையாளச் சீட்டு.

பிறகு மறந்துபோனது

1972-73 வாக்கில் டென்னிஸ் ரிட்சியின் சி மொழிக்கு ப்ரீப்ராசசர் வந்தது. ஆலன் ஸ்னைடர் வலியுறுத்தியது அதற்கு ஒரு காரணம் என்று ரிட்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார். முதலில் வேறு ஃபைலைச் சேர்ப்பதும், எளிய மாற்றீடும் மட்டும்தான். பிறகு மைக் லெஸ்க், ஜான் ரெய்சர் ஆகியோர் அதை வளர்த்தார்கள்.

அன்றைய பிடிபி-11 இயந்திரங்களின் மொத்த நினைவகத்தில் இன்றைய செல்போன் புகைப்படம் ஒன்று கூட அடங்காது. அதனால் வேலையைப் பிரித்தார்கள். ப்ரீப்ராசசர் தனி ப்ரோக்ராம். அது மேக்ரோக்களை எல்லாம் விரித்து, வெறும் எழுத்தாக்கி அடுத்தவரிடம் தள்ளிவிடும். கம்பைலர் அதை வாங்கிக்கொள்ளும்.

இந்தக் கைமாற்றலில்தான் தடயம் தொலைந்தது. "இந்த எழுத்துகள் இந்த ஃபைலின் இந்த வரியிலிருந்து வந்தவை" என்ற குறிப்பு மட்டும் கூடவே போகும். "இவை வட்டி என்ற மேக்ரோவிலிருந்து வந்தவை, வட்டியை அழைத்தது மொத்தம், மொத்தத்தை அழைத்தது தவணை" என்ற விவரம் போகாது. கம்பைலருக்குத் தெரிந்ததெல்லாம் 40-வது வரி. அதையே சொல்லியது. பொய் சொல்லவில்லை, அதற்கு மேல் அதற்குத் தெரியாது.

இதற்கு ப்ரோக்ராமர்கள் கண்டுபிடித்த வைத்தியம், ப்ரீப்ராசசரை மட்டும் தனியாக ஓட்டி, விரிந்து வந்ததைக் கண்ணால் படிப்பது. டர்போ சி-யோடும் இதற்கென்றே ஒரு தனி ப்ரோக்ராம் வந்தது. யூனிக்ஸ் பக்கம் "மைனஸ் ஈ" என்ற ஆப்ஷன். பத்து வரி ப்ரோக்ராமுக்கு ஹெட்டர் ஃபைல்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கான வரிகள் கொட்டும். அதில் தேடிப் பிடிக்க வேண்டும்.

நடுவில் ஒரு விதிவிலக்கு

இதே காலத்தில் ஒருவர் மட்டும் வேறு வழியில் போனார். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் நூத். 1970களின் கடைசியில் அவர் உருவாக்கத் தொடங்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் மேக்ரோக்களைப் பெரிதும் நம்பியது. அதில் பிழை வந்தால், எந்த மேக்ரோவுக்குள் நிற்கிறோம், அதை அழைத்தது எது, அதையும் அழைத்தது எது என்று அடுக்கடுக்காகக் காட்டும். அதுவும் ஒவ்வொரு வரியையும் இரண்டாக உடைத்து, "இதுவரை படித்தாயிற்று, இனி இது பாக்கி" என்று காட்டும். கடைசியில்தான் நீங்கள் எழுதிய வரி எண் வரும்.

சென்னையில் வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்கு டைப்செட்டிங் செய்யும் நிறுவனங்கள் பல உண்டு. கணிதச் சமன்பாடு நிறைந்த கட்டுரைகளுக்கு டெக்தான் கருவி. கணினி அறிவியல் படிக்காதவர்கள் கூட இந்த வேலையில் இந்த அடுக்கைப் படித்துப் பழகியிருக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1998-ல் இந்திய டெக் பயனாளர் குழுவே தொடங்கப்பட்டது. 2002-ல் உலக டெக் மாநாடு திருவனந்தபுரத்தில் நடந்தது.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. டெக் காட்டிய அடுக்கு சில சமயம் ஒரு பக்கத்துக்கு நீளும். படிப்பவர் மிரண்டு போவார். அதனால் எத்தனை மட்டம் காட்டலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது. டெக் மேல் கட்டப்பட்ட லேட்டக்கோ நடு மட்டங்களை வழக்கமாக மறைத்தே வைக்கிறது! தடயம் இல்லாவிட்டாலும் கஷ்டம், அதிகமாக இருந்தாலும் கஷ்டம்.

மறுபடி கற்றுக்கொண்டது

சி மொழியில் திருப்பம் வந்தது 2007-ல். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பம்பாய் ஐஐடி முன்னாள் மாணவர் விக்ரம் ஆட்வேயிடம் ஆய்வு செய்த கிறிஸ் லாட்னர், 2000-ல் எல்எல்விஎம் என்ற திட்டத்தைத் தொடங்கியவர். பிறகு ஆப்பிளில் சேர்ந்து, அதன் மேல் கிளாங் என்ற புதிய சி கம்பைலரை உருவாக்கினார். 2007-ல் அது திறந்த மூலமாக வெளியானது. தெளிவான பிழைச் செய்தி அதன் முக்கியக் குறிக்கோள்களில் ஒன்று.

கிளாங்கின் யுக்தி எளிமையானது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 32 பிட் இட எண். அந்த எண்ணின் முதல் பிட்டைப் பார்த்தாலே அது நேரே ஃபைலில் இருந்து வந்ததா, மேக்ரோவில் இருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். மேக்ரோ என்றால் இரண்டு முகவரி கிடைக்கும். ஒன்று, அந்த எழுத்து உண்மையில் எழுதப்பட்ட இடம். இன்னொன்று, அது விரிக்கப்பட்ட இடம். விரிக்கப்பட்ட இடமே இன்னொரு மேக்ரோவுக்குள் இருந்தால், அதற்கும் இரண்டு முகவரி. இப்படிப் பிடித்துக்கொண்டே போனால் 40-வது வரிக்கும் "விகதம்" என்ற எழுத்துப்பிழைக்கும் நடுவில் உள்ள முழுப் பாதையும் கிடைத்துவிடும்.

பழைய ஜாம்பவானான ஜிசிசி-யும் சும்மா இருக்கவில்லை. ரெட் ஹாட் பொறியாளர் டோஜி செகெட்டெலியின் உழைப்பில், 2012 மார்ச்சில் வந்த 4.7 பதிப்பில் இதே வசதி சேர்ந்தது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், ஏனென்றால் அது நினைவகத்தை அதிகம் தின்றது. 2013-ல் வந்த 4.8 பதிப்பில்தான் தானாகவே செயல்படத் தொடங்கியது.

இரண்டும் பாதையைச் சொல்லும் விதத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கிளாங் முதலில் உங்கள் 40-வது வரியைக் காட்டி, "இது தவணையிலிருந்து விரிந்தது, இது மொத்தத்திலிருந்து, இது வட்டியிலிருந்து" என்று உள்ளே அழைத்துப் போகும். ஜிசிசி முதலில் குற்றவாளியான வட்டி மேக்ரோவைக் காட்டி, அங்கிருந்து வெளியே கூட்டி வரும். டெக் கற்றுத் தந்த பாடத்தையும் மறக்கவில்லை. அடுக்கு ரொம்ப நீளமானால் கிளாங் நடுவில் சிலவற்றை விட்டுவிட்டு, எத்தனை விட்டேன் என்று ஒரு குறிப்பும் போடும்.

பழைய பாடம்தான்

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகவே இருக்காது. இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்வார்கள்? இருப்பாய்விலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து குறிப்பேடு, குறிப்பேட்டிலிருந்து சான்றுச்சீட்டு என்று பின்னோக்கி நடப்பார்கள். நடக்க முடிவதற்குக் காரணம், குறிப்பேட்டில் பேரேட்டுப் பக்க எண்ணும், பேரேட்டில் குறிப்பேட்டுப் பக்க எண்ணும் எழுதும் அந்த ஒல்லியான பத்தி. பரீட்சையில் பாதிப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். தொகை சரியாக இருக்கும்வரை அந்தப் பத்திக்கு ஒரு வேலையும் இல்லை. தொகை தவறும் அன்று அதைவிட முக்கியமான பத்தி வேறு இல்லை.

ஐபிஎம் தாளின் கூட்டல் குறி அந்தப் பத்தி. சி மொழி இடத்தை மிச்சம் பிடிக்கக் காலியாக விட்டது அந்தப் பத்தி. சுமார் 40 வருடம் கழித்து கிளாங்கும் ஜிசிசி-யும் நினைவகச் செலவைப் பொறுத்துக்கொண்டு மறுபடி நிரப்பியதும் அதே பத்தியைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்ன வட்டி மேக்ரோவை எழுத்துப்பிழை இல்லாமல் சரியாக எழுதி, விகிதம் 10 என்று வைத்து, அசலாக "1000 + 500" என்று கொடுத்துப் பாருங்கள். 1500-க்கு வட்டி 150 வர வேண்டும். வருவது 1050! மேக்ரோ யோசிக்காமல் ஒட்டுவதால் 500-க்கு மட்டும் வட்டி போட்டு 1000-ஐ அப்படியே கூட்டிவிடும். இலக்கணப்படி ஒரு தவறும் இல்லாததால் கம்பைலர் வாயே திறக்காது. இருப்பாய்வு டேலி ஆனாலும் விதிப் பிழையும் ஈடுசெய் பிழையும் உள்ளே ஒளிந்திருக்குமே, அது மாதிரி. வாகனங்களுக்கு சி மொழியில் எழுதுவோருக்காக 1998-ல் வந்த மிஸ்ரா விதிமுறைகள், முடிந்தவரை மேக்ரோவைத் தவிர்த்து ஃபங்ஷன் எழுதச் சொன்னது சும்மா இல்லை. அம்பத்தூரைச் சுற்றி இத்தனை வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் இருக்கும்போது, பிரேக்குக்குள் போகும் கணக்கில் 150-க்குப் பதில் 1050 வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தடயத்தைக் காட்டக் கம்பைலருக்குத் தெரிந்துவிட்டது. பிழை இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டியது இன்னும் மனிதர் வேலைதான். அடுத்த முறை 40-வது வரியில் பிழை என்று வந்தால், அதைத் திட்டுவதற்கு முன் கீழே உள்ள இரண்டு மூன்று குறிப்பு வரிகளையும் படித்துவிடுங்கள். அந்த வரிகள் அங்கே வந்து சேர 40 வருடம் ஆனது.